மூலபாடமும் பின்சக்கரமும்

சென்ற மழைக்காலத்தில் குன்னூரில் நடந்த ஓர் இலக்கியச் சந்திப்பின் தேநீர் இடைவேளையில், நான் பெரிதும் மதிக்கும் நண்பர் ஒருவர் என் நகக்கண்களில் படிந்திருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு என்னவென்று விசாரித்தார். சொன்னேன். என்னிடமுள்ள பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பின்பக்க சஸ்பென்ஷனை வீட்டு முகப்பிலேயே முழுவதுமாகக் கழற்றிப் புதுப்பித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். பூட்டும்போது ஒரு சிறு மாற்றமும் செய்திருக்கிறேன் என்று. அவர் முகம் சுருங்கிற்று. "அப்படியானால் அது இனி ஒரிஜினல் இல்லையே ஐயா. தமிழ் படித்த நீங்களே இதைச் செய்யலாமா? ஏட்டுச்சுவடியை அடித்துத் திருத்தியதற்குச் சமமல்லவா?" என்றார். பக்கத்தில் நின்ற இருவர் ஆமோதித்துத் தலையசைத்தனர். அவ்விடத்தில் எனக்குச் சட்டென்று பதில் தோன்றவில்லை. தேநீரும் ஆறிவிட்டது.

பிறகு தோன்றியது. அந்தத் தலையசைப்புக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் பிழையானது என்பதோடு, ஆபத்தானது என்றும் கருதுகிறேன். ஆபத்து என்பதை உருவகமாகச் சொல்லவில்லை. பர்லியாருக்குக் கீழே மழையில் நனைந்த ஒரு வளைவில் கார் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து நிற்பது என்ற பொருளிலேயே சொல்கிறேன்.

ஹெரால்டை அறியாத இளைய வாசகர்களுக்குச் சில செய்திகள். இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட கார் இது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜொவானி மிக்கெலாட்டி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இதைத் தயாரித்தது. பிற்பாடு இங்கிலாந்தில் என்றுமே இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் இங்கே செய்தார்கள். இதன் அடிச்சட்டத்தைச் சுருக்கி 1962-இல் உருவானதே ஸ்பிட்ஃபயர் என்னும் இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். பின்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு அடிப்படையில் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே உலகெங்கும் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தம் கொட்டகைகளில் மல்லாந்து படுத்துச் செய்யும் வேலையைத்தான் நானும் செய்தேன். என்னுடையதில் ஐந்து பேர் உட்காரலாம், வேகம் குறைவு என்பதே வேறுபாடு.

இக்காரின் முன்பக்கம் மலைப்பாதைக்கென்றே பிறந்தது. முழுதாக ஒடித்தால் 25 அடி விட்டத்துக்குள் திரும்பிவிடும். குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பெரிய பெரிய புதுக் கார்கள் முன்னும் பின்னும் தவிக்கும்போது, ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பிப் போகும் அழகைப் பார்த்துத்தான் நான் இதில் விழுந்தேன். பின்பக்கத்தின் கதை வேறு.

சஸ்பென்ஷன் என்பதைத் தொங்கமைப்பு என்று அகராதிகள் பெயர்க்கும். எந்தப் பட்டறையிலும் அச்சொல்லை நான் கேட்டதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ஹெரால்டில் டிஃபரன்சியல் பெட்டி அடிச்சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கிறது. அதன் தலைமேல், காரின் குறுக்காக, வில்லைப்போல் ஸ்பிரிங் பட்டைகள். பெட்டியிலிருந்து இருபுறமும் ஒவ்வோர் அரை அச்சு. அச்சின் உட்புற முனையில் மட்டுமே மடங்கும் மூட்டு உண்டு (மெக்கானிக்குகள் கிராஸ் என்பார்கள்), வெளிமுனையில் இல்லை. எனவே சக்கரம் மேலும் கீழும் போகும்போது நேராகப் போவதில்லை. கதவு கீலைச் சுற்றித் திரும்புவதுபோல், உள்மூட்டைச் சுற்றி வளைந்து போகிறது; போகும்போது சாய்ந்தும் விடுகிறது.

நேர்ச்சாலையில் இதனால் ஒன்றும் ஆவதில்லை. வேகமான வளைவில்தான் சிக்கல். வெளிப்பக்கச் சக்கரத்தைத் தரை பக்கவாட்டில் தள்ளுகிறது. அத்தள்ளல் அச்சின் வழியே உள்ளே போய்க் காரின் பின்பகுதியை மேலே நெம்புகிறது. பின்பகுதி உயர உயரச் சக்கரத்தின் அடிப்பாகம் உள்நோக்கி மடிகிறது. மடிய மடிய டயர் தரையைப் பற்றும் பரப்பு குறைகிறது. அந்நேரம் பார்த்து ஓட்டுபவர் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ பாரம் முன்னால் சரிகிறது. பின்பகுதி இன்னும் எழுகிறது. வால் வெளியே வீசுகிறது. கொண்டை ஊசி வளைவில் இது நடக்காது. அங்கே யாரும் அந்த வேகத்தில் போவதில்லை. அவற்றுக்கு நடுவே நாம் கவனமிழக்கும் நீண்ட இறக்க வளைவுகளில் நடக்கும். கார் நிறைய ஆட்களும் மூட்டையும் இருந்தால் பாரத்தில் பின்பகுதி தாழ்ந்து, ஆபத்து குறையும். தனியாக, வெறும் வண்டியாக இறங்குபவருக்கே இடர் அதிகம். இதை நான் இரண்டு முறை உணர்ந்திருக்கிறேன். மூன்றாம் முறைக்குக் காத்திருக்க விருப்பமில்லை.

இதைக் கண்டு வடிவமைத்தவர்களை மூடர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. குறைந்த செலவில் பின்சக்கரங்கள் இரண்டையும் தனித்தனியே அசையவிட அக்காலத்தில் கிடைத்த வழி இது. வோக்ஸ்வாகன் வண்டு காரிலும் இதுவே இருந்தது. அமெரிக்காவில் செவர்லே கொர்வேர் காரின் இதே வகைப் பின்னச்சை முதல் அத்தியாயத்திலேயே குற்றக்கூண்டில் ஏற்றித்தான் ரால்ஃப் நாடர் 1965-இல் 'எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றது' என்ற நூலை வெளியிட்டார். அதே 1965 மாடலில் செவர்லே அவ்வமைப்பை மாற்றிவிட்டிருந்தது.

இப்போது நண்பரிடம் கேட்கிறேன்: எது மூலம்?

1959-இல் ஹெரால்டுக்கு இட்ட அமைப்பா? அதை ட்ரையம்ஃப் நிறுவனமே சரியென்று விட்டுவிடவில்லை. 1968-இல் வேகம் கூடிய ஜிடி6, விட்டெஸ் கார்களுக்கு ரப்பர் இணைப்புகளோடு கூடிய வேறோர் அமைப்பைக் கொண்டுவந்தது. 1970 இறுதியில் ஸ்பிட்ஃபயரின் நான்காம் பதிப்பில் ஸ்பிரிங்கையே மாற்றியது. ஒரு பட்டையை மட்டும் டிஃபரன்சியலோடு இறுக்கிவிட்டு, ஏனைய பட்டைகளை ஊசலாட விட்டது. சக்கரம் உள்ளே மடியும் கொடுமை பெரும்பாலும் ஒழிந்தது. சென்னைக்காரர்கள் செய்ததோ இன்னும் துணிச்சலானது. 1972-இல் ஹெரால்டுக்கு அடுத்து வந்த கெசல் காரில் இந்த ஊசல் அச்சையே தூக்கி எறிந்துவிட்டு, அம்பாசிடரைப் போல் ஒற்றைத் தண்டு அச்சைப் போட்டார்கள். இங்கே வாங்கியவர்களுக்கும் பழுது பார்த்தவர்களுக்கும் ஊசல் அச்சைப் பிடிக்கவில்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆக, ஆக்கியோனே தன் பாடத்தை இரண்டு முறை திருத்தியிருக்கிறான். நம்மூர் உரைகாரன் ஒருமுறை அதை முற்றிலும் மறுத்து எழுதியிருக்கிறான். இதில் 1959-ஐ மட்டும் தெய்வ வாக்காகப் பிடித்துக்கொள்வதற்கு என்ன நியாயம்?

இந்த மூல வழிபாடு நீலகிரியில் எங்கே செழிக்கிறது என்று அறிய விரும்புவோர், கோடை விழாவை ஒட்டி ஊட்டியில் நடக்கும் பழைய கார் அணிவகுப்புகளைப் போய்ப் பார்க்கலாம். எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் அங்கே மினுக்கும் கார்களில் சில லாரியில் ஏறி மலைக்கு வந்து, ஊர்வலம் போய், லாரியில் ஏறியே இறங்குகின்றன. மண்ணில் படாத பாதம் கோயில் மூர்த்திக்குப் பொருந்தும். நான்கு சக்கரம் உள்ள பொருளுக்குப் பொருந்துமா?

சட்டமும் இதே மனநிலையில்தான் இருக்கிறது. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவுமில்லாமல் இருக்கும் கார் 'விண்டேஜ்' ஆகலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். அப்படிப் பதிந்தபின் கண்காட்சிக்கும், ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் போகலாம். அன்றாடப் பயன்பாட்டுக்குச் சாலையில் ஓட்டக் கூடாது. அதாவது ஓடாமலிருப்பதற்கு ஒரு சான்றிதழ். அதை மறுத்துச் சாதாரணக் காராகவே வைத்திருப்பவன் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அக்கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் 10,000 ஆயிற்று. பழைய காருக்கு நாடு காட்டும் வழிகள் இரண்டே: பீடம் அல்லது காயலான் கடை. நான் 10,000 பக்கம் நிற்பவன்.

வேலைக்கு வருகிறேன். எனக்குத் துணை, தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர். அடிச்சட்டத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களைக் கழற்றி, ஷாக் அப்சார்பர்களை எடுத்து, அரை அச்சுகளை டிஃபரன்சியலிலிருந்து விடுவிக்கும் வரை எல்லாம் புத்தகத்தில் சொன்னபடி நடந்தது. பிறகு கீழ்ப்புறத்து நீண்ட போல்ட். சக்கரத்தின் அச்சுக்கூட்டையும் அதைத் தாங்கும் செங்குத்துக் கையையும் கோக்கிற இந்த போல்ட் நைலான் புஷ்களுக்கு நடுவே ஓர் எஃகுக் குழாய்க்குள் போகிறது. குன்னூர் ஈரத்தில் அரை நூற்றாண்டு இருந்தால் போல்ட்டும் குழாயும் துருவால் ஒன்றாகிவிடும். மூன்று நாள் எண்ணெய் ஊற்றினோம், சுட்டோம், சுத்தியலால் கெஞ்சினோம். நான்காம் நாள் ஹாக்ஸா பிளேடால் இருபுறமும் அறுத்தோம். ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம். இந்த வேலையைச் செய்த எவரும் மூலத்தின் புனிதத்தைப் பற்றி அவ்வளவு எளிதில் பேச மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஸ்பிரிங்கை இறக்கிப் பட்டைகளைப் பிரித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பட்டறைக் கையேடு சொல்வதைவிட ஒரு பட்டை கூடுதலாக இருந்தது. அகலம் வேறு, எஃகு வேறு, முனை சம்மட்டியால் அடித்து மழுக்கியது. எப்போதோ யாரோ பாரம் தாங்குவதற்காக வேறொரு வண்டியின் பட்டையை அறுத்து நடுவில் செருகியிருக்கிறார்கள். நம் நாட்டில் பின்பக்கம் தாழ்ந்தால் ஒரு பட்டை ஏற்றுவது வழக்கம். லாரிக்கு அது சரி. ஊசல் அச்சுக்கு அது நஞ்சு. பின்பகுதி உயர்ந்து, நிற்கும்போதே சக்கரங்களின் அடி உள்ளே மடிந்திருக்கும். வளைவில் நடக்க வேண்டிய கேடு பாதி முன்கூட்டியே நடந்து முடிந்திருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தூக்கிய வால் நிலையைத்தான் நண்பர் முன்பு ஒருமுறை "என்ன கம்பீரம், அப்படியே பழைய ஹெரால்டு" என்று பாராட்டினார். அவர் கண்டு உருகிய மூலம் ஓர் இடைச்செருகல்!

இடைச்செருகலை நீக்கினேன். எஞ்சிய பட்டைகளைத் துரு போகத் தேய்த்து, முனைகளில் தேய்ந்து போயிருந்த சிறு மெத்தைகளை மாற்றினேன். நான் செய்த 'குற்றம்' இதற்குப் பின் வருவது. கோவையில் ஒரு லேத் பட்டறையில் ஓர் அங்குலத் தடிப்பில் எஃகுக் கட்டை ஒன்று கடைந்து வாங்கி, அதை டிஃபரன்சியலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே வைத்து, நீளமான ஸ்டட்டுகளால் இறுக்கினேன். ஸ்பிரிங் ஓர் அங்குலம் மேலே போனால் கார் அதற்கேற்பக் கீழே இறங்கும். சக்கரங்களின் தலை சற்றே உட்பக்கம் சாயும். வளைவில் சக்கரம் உள்ளே மடியத் தொடங்குவதற்கு முன் அந்தச் சாய்வை முதலில் இழக்க வேண்டும். அவ்வளவு அவகாசம் எனக்குக் கிடைக்கிறது. ஸ்பிட்ஃபயர்காரர்கள் பல காலமாகக் கையாளும் வழிதான் இது. என் கண்டுபிடிப்பு அன்று.

எல்லாவற்றையும் கோத்துவிட்டு, ஸ்பிரிங் முனை போல்ட்டுகளை நான் ஆவேசமாக இறுக்கப் போனபோது பெரியவர் கையைப் பிடித்தார். "இப்ப இறுக்காதீங்க வாத்தியாரய்யா. வண்டி முதல்ல கீழ உட்காரட்டும்." சக்கரங்கள் தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் புஷ்கள் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு சில மாதங்களில் கிழியும். சக்கரங்களில் பாரம் வந்தபின் இறுக்கினால் அவை ஓய்வான நிலையில் அமையும். அவர் ஹெரால்டைத் தொட்டதே இதுதான் முதல்முறை. தேயிலை உருட்டும் இயந்திரங்களோடு வாழ்ந்த கைக்கு ரப்பரின் மனம் தெரிந்திருந்தது.

இனி ஏட்டுச்சுவடி. உவமையை எடுத்தவர் நண்பர். ஆகவே அதன் விளைவையும் அவரே ஏற்க வேண்டும். ஏடுகள் சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவதில்லை. நமக்குச் சங்க நூல்கள் கிடைத்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் தலைமுறைதோறும் புது ஓலையில் புது எழுத்தாணியால் படியெடுத்ததுதான். மூல ஓலையை மட்டுமே வணங்கியிருந்தால் செல்லரித்த தூள்தான் மிஞ்சியிருக்கும். உ.வே.சா. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது ஒரே ஓர் ஏட்டைத் தெய்வமாக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. பல ஏடுகளை ஒப்பிட்டு, பொருந்தும் பாடத்தைத் தேர்ந்தார். தன் பதிப்புகளில் பிற பாடங்களையும் பிரதிபேதமாகக் குறித்துவைத்தார். மாற்றியதைச் சொல்லாமல் விடுபவனே பாடத்தைக் கெடுக்கிறான். அந்தக் கூடுதல் பட்டையைச் செருகியவர் ஒரு குறிப்பும் வைக்கவில்லை. நான் ஒரு நோட்டில் நாள், அளவு, காரணம் எல்லாம் எழுதி, காரின் கையுறைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கட்டையை எடுத்துவிட்டுப் பழைய ஸ்டட்டுகளைப் போட ஒரு பிற்பகல் போதும்; அவற்றையும் ஒரு டப்பாவில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். மேலும், பத்துப்பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் 'மாட்டு' என்ற பெயரில் அடிகளைக் கழற்றி எங்கோ கொண்டுபோய் மாட்டிய அளவுக்கு நான் எதையும் கழற்றி மாட்டவில்லை. அவரை நாம் உச்சிமேற்கொண்ட புலவர் என்கிறோம்.

நண்பர் தம் வீட்டுச் சன்னலைத் திறந்தாலே பதில் கிடைக்கும். யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற நம் மலை ரயிலுக்கு, 2011 தொடங்கிப் பொன்மலைப் பணிமனை புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டித் தந்திருக்கிறது. பழைய சுவிஸ் எக்ஸ் வகையின் அதே வடிவம், ஆனால் நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் எரிபவை. 2021-இல் நிலக்கரி எஞ்சின் ஒன்றும் வந்தது. கல்லாறில் பற்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்வும் சத்தம் கேட்டுப் பரவசப்படும் எவரும், கொதிகலன் எந்த ஆண்டுடையது என்று கேட்டுவிட்டுப் பரவசப்படுவதில்லை. ரயில் மலையேறுகிறது. நின்றிருந்தால் அதைப் பாரம்பரியம் என்று யார் அழைத்திருப்பார்கள்?

நண்பர் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது அழகன்று. எல்லோரும் மாற்றிக்கொண்டே போனால், ஆதியில் அது எப்படி இருந்தது என்று காட்ட ஒன்றும் மிஞ்சாது. உண்மை. அதற்காகத்தான் அருங்காட்சியகங்கள் வேண்டும். கோவையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜிடி கார் அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை நானே அழைத்துப் போவதுண்டு. அங்கே நிற்பவை அப்படியே நிற்கட்டும். ஒரு நட்டைக்கூட மாற்ற வேண்டாம். ஆனால் அருங்காட்சியகத்தின் அறத்தை, வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம் இறங்கி மளிகை வாங்கிவரும் வண்டியின்மேல் சுமத்துவது என்ன அறம்?

என் மாற்றத்துக்கு விலையும் உண்டு. எஸ்டேட் சாலைகளில் சைலன்சர் குழாய் தரையை உரசுகிறது. வேகத்தடைகளைக் குறுக்காகச் சாய்த்து ஏற வேண்டியிருக்கிறது. பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். பின் டயர்களின் உள்விளிம்பு கொஞ்சம் சீக்கிரம் தேய்கிறது. இவற்றையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். ஐப்பசி மழையில் ஒருநாள் தனியாக, வெறும் வண்டியாக, பர்லியாருக்குக் கீழே அதே வளைவில் இறங்கினேன். வேண்டுமென்றே வளைவின் நடுவில் காலைச் சற்று எடுத்துப் பார்த்தேன். பின்பகுதி லேசாகக் கனைத்தது, அவ்வளவுதான். வால் தன் இடத்தில் இருந்தது.

அடுத்து முன்பக்கம். அங்கே செங்குத்துக் கையின் அடியில், சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் மரையிட்ட மூட்டு ஒன்று இருக்கிறது. அதற்கு கிரீஸ் அடிக்கலாமா, கியர் ஆயில் ஊற்ற வேண்டுமா என்று ஹெரால்டுக்காரர்களிடையே தீராத சண்டை. பட்டறைகளில் எல்லோரும் கிரீஸ்தான் அடிக்கிறார்கள். பெரியவரும் கிரீஸ் கட்சி. நிறுவனத்தின் கையேடு ஆயில் என்கிறது. இவ்விஷயத்தில் மட்டும் நான் மூலபாடத்தின் பக்கம்.